கேட்டதே பயிற்சியானது: பிரித்தானிய ஓட்டுநர் தேர்வின் வரலாறு

ஒரு தேர்வு எதைக் கேட்கிறதோ அதையே அதற்கு ஆயத்தமாகிறவர் பயில்கிறார் என்பதும், கேட்கப்படாத திறன் எத்துணை இன்றியமையாததாயினும் பயிற்சியின் ஓரத்திற்குத் தள்ளப்படுகிறது என்பதும் எல்லாக் கல்விக்கும் பொருந்தும் உண்மைகள். பள்ளிப் பாடத்தில் விடுபட்டதைப் பின்னாளில் படித்துக்கொள்ளலாம். கார் ஓட்டுவதில் விடுபட்டதன் விலையையோ சாலையோரம் நடந்து செல்பவரும் சேர்ந்து கொடுக்க நேர்கிறது. பிரித்தானியாவில் 1935ஆம் ஆண்டு கட்டாயமாக்கப்பட்ட செய்முறை ஓட்டுநர் தேர்வின் வரலாற்றை இந்த நோக்கில் ஆராய்ந்தால், அங்கு நிகழ்ந்த சீர்திருத்தங்களில் பெரும்பாலானவை தேர்வுக்காகப் பயில்வதற்கும் சாலைக்காகப் பயில்வதற்கும் இடையிலான தொலைவைக் குறைக்கும் முயற்சிகளே என்பது விளங்கும்.

பிரித்தானிய அரசு தொடக்கத்தில் வண்டியைத்தான் கட்டுப்படுத்தியது. ஓட்டுபவரின் திறனைப் பற்றிக் கவலைப்படவில்லை. நீராவி வண்டிகளை முன்னிட்டு இயற்றப்பட்ட 1865ஆம் ஆண்டுச் சட்டம், ஊருக்குள் மணிக்கு 2 மைல், ஊருக்கு வெளியே 4 மைல் என வேகத்தை வரையறுத்ததோடு, வண்டிக்கு முன்னால் ஒருவர் செங்கொடி ஏந்தி நடக்க வேண்டும் என்றும் விதித்தது. 1896இல் இக்கட்டுப்பாடுகள் தளர்ந்தன. 1903ஆம் ஆண்டின் மோட்டார் கார் சட்டம் 1904 சனவரி முதல் நாளிலிருந்து ஓட்டுநர் உரிமத்தைக் கட்டாயமாக்கியது. ஆயினும் 17 வயது நிரம்பிய எவரும் ஐந்து ஷில்லிங் செலுத்தி அதைப் பெற்றுக்கொள்ளலாம் என்பதால், அந்த உரிமம் ஆளை அடையாளம் காட்டும் சீட்டாக இருந்ததேயன்றி, அவருக்கு ஓட்டத் தெரியும் என்பதற்குச் சான்றாக இருக்கவில்லை. பாரிஸ் நகரக் காவல் துறை 1893ஆம் ஆண்டிலேயே ஓட்டுநர்களிடம் திறன் சான்றிதழ் கேட்கத் தொடங்கிவிட்டது என்பதையும், பிரஷ்ய அரசு 1903இல் தேர்வை நடைமுறைப்படுத்தியது என்பதையும் நோக்கும்போது, பிரித்தானியா இத்துறையில் ஒரு தலைமுறைக் காலம் பின்தங்கியிருந்தது தெளிவாகிறது.

தேர்வு இல்லாத அந்த முப்பது ஆண்டுகளில் ஓட்டப் பயில்வது முழுக்கத் தனியார் விவகாரமாக இருந்தது. கார் விற்றவர் சில மணி நேரம் சொல்லிக்கொடுத்தார். செல்வர் வீடுகளில் சம்பளத்துக்கு அமர்ந்த ஓட்டுநர், முதலாளியின் பிள்ளைகளுக்கும் ஆசானானார். 1910ஆம் ஆண்டில் லண்டனின் பெக்கம் ரை பகுதியில் ஹ்யூ ஸ்டான்லி ராபர்ட்ஸ் என்பவர் தொடங்கிய பயிற்சிப் பள்ளி, பின்னாளில் பிரிட்டிஷ் ஸ்கூல் ஆஃப் மோட்டாரிங் என்ற பெயரில் நாடெங்கும் கிளை பரப்பியது. அக்காலக் கார்கள் அடிக்கடி பழுதுபட்டதால், இயந்திரத்தை அறிந்துகொள்வதும் ஓட்டுவதற்கு இணையான பாடமாக மதிக்கப்பட்டது. சாலையில் பிறரோடு ஒத்துப்போவது எப்படி என்பதற்கு மட்டும் வரையறுத்த பாடத்திட்டம் எதுவும் இல்லை.

1930ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம், யாரும் மதிக்காத மணிக்கு 20 மைல் வேக வரம்பைக் கார்களுக்கு அடியோடு நீக்கியது. மூன்றாம் தரப்புக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. உடற்குறை உடையோருக்கு மட்டும் ஓட்டுநர் தேர்வைக் கொண்டுவந்தது. அச்சட்டத்தின் வழியாக 1931இல் ‘ஹைவே கோட்’ என்னும் சாலை விதிநூல் ஒரு பென்னி விலையில் வெளிவந்தது. கை சைகைகளுக்கு மிகுந்த இடம் ஒதுக்கிய அச்சிறு நூலில், குதிரை வண்டி ஓட்டுபவர் சாட்டையைத் தலைக்கு மேல் சுழற்றித் திரும்பும் திசையைக் காட்டும் முறைகூட இடம்பெற்றிருந்தது. பின்பார்வைக் கண்ணாடியைப் பற்றிய பேச்சே அதில் இல்லை. நூலைப் படித்தறிந்தாரா என்று எவரையும் சோதிக்க வழியில்லாததால், விதி ஓரிடத்திலும் வழக்கம் வேறிடத்திலுமாக நின்றன. 1934ஆம் ஆண்டில் பிரித்தானியச் சாலைகளில் 7,343 பேர் இறந்தனர், 2,31,603 பேர் காயமுற்றனர். இறந்தோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் காரையே தொடாமல் நடந்து சென்றவர்கள். அன்று நாட்டிலிருந்த மோட்டார் வாகனங்கள் 25 லட்சத்தையும் எட்டவில்லை என்பதைக் கருதும்போதுதான் இவ்வெண்களின் கொடுமை முழுமையாகப் புலப்படும்.

1934இல் போக்குவரத்து அமைச்சராகப் பொறுப்பேற்ற லெஸ்லி ஹோர்-பெலிஷா, இச்சாவுகளை நாகரிகத்தின் தவிர்க்க முடியாத விலையாக ஏற்க மறுத்தார். பாதசாரிகள் கடக்கும் இடங்களில் மஞ்சள் உருண்டை விளக்குக் கம்பங்களை நிறுவியவரும், குடியிருப்புப் பகுதிகளுக்கு மணிக்கு 30 மைல் வரம்பைக் கொண்டுவந்தவரும் அவரே. அவ்வாண்டுச் சட்டத்தின்படி, 1935 மார்ச்சில் விரும்பியோருக்கான தேர்வு தொடங்கியது; சூன் முதல் நாளிலிருந்து, 1934 ஏப்ரல் முதல் நாளிலோ அதற்குப் பின்னரோ ஓட்டத் தொடங்கிய அனைவருக்கும் அது கட்டாயமாயிற்று. கட்டணம் 7 ஷில்லிங் 6 பென்ஸ். பழகுபவர் காரின் முன்னும் பின்னும் சிவப்பு நிற ‘எல்’ எழுத்துப் பலகையைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்ற விதியும் அப்போதே பிறந்தது. தனித் தேர்வு நிலையங்கள் இல்லாததால், தேர்வு அலுவலர் தொடர்வண்டி நிலைய வாசலிலோ, நகர மன்றத்தின் முன்போ, பூங்கா அருகிலோ தேர்வரைச் சந்தித்தார். முதலாண்டில் ஏறத்தாழ 2,46,000 பேர் விண்ணப்பித்தனர். தேறியோர் 63 விழுக்காடு.

அன்றைய தேர்வர் எவற்றைப் பயில வேண்டியிருந்தது என்பதை அணுகிப் பார்ப்பது பயனுடையது. பல கார்களில் கியர்ப் பற்சக்கரங்களின் வேகத்தைத் தானே இணைக்கும் அமைப்பு இல்லாததால், கியரைக் குறைக்கும்போது கிளட்சை ஒரு முறை மிதித்து நடுநிலைக்குக் கொண்டுவந்து, கிளட்சை விட்டு ஆக்சிலேட்டரைச் சற்று அழுத்தி இயந்திர வேகத்தைக் கூட்டி, மீண்டும் கிளட்சை மிதித்துக் கீழ்க் கியருக்கு மாற்ற வேண்டும். இவ்விரட்டை மிதிப்பு பிசகினால் பற்சக்கரங்கள் உரசும் ஓசை தெருவெங்கும் கேட்கும். மேட்டில் நின்ற காரைப் பின்னோக்கி உருளவிடாமல் கிளப்புவது மற்றொரு சோதனை: கிளட்சை மெல்ல விட்டு, அது இயந்திரத்தைப் பற்றும் புள்ளியைக் காலால் உணர்ந்து, அந்த நொடியில் ஹேண்ட் பிரேக்கைத் தளர்த்த வேண்டும். இவற்றுக்கிடையே வலக்கையைச் சன்னலுக்கு வெளியே நீட்டினால் வலப்பக்கம் திரும்புதல், கையை இடஞ்சுழியாகச் சுழற்றினால் இடப்பக்கம் திரும்புதல், உள்ளங்கையைத் தரைநோக்கி வைத்து மேலும் கீழும் அசைத்தால் வேகம் குறைத்தல் என்று சைகை காட்டவும் வேண்டும். அவசர நிறுத்தம், ரிவர்ஸ் எடுத்துப் பக்கத் தெருவுக்குள் நுழைதல், சாலை விதிநூலிலிருந்து சில வாய்மொழிக் கேள்விகள் ஆகியவையும் தேர்வில் அடங்கின. கைகால்களின் இணக்கமே இத்தேர்வின் பெரும்பகுதியாக இருந்தது; சாலையை முன்கூட்டியே கணிக்கும் அறிவு பின்னுக்கு நின்றது.

அந்த அறிவை முறைப்படுத்திய பணி காவல் துறையில் நிகழ்ந்தது. 1930களில் லண்டன் பெருநகரக் காவல் துறை ஹெண்டனில் நடத்திய ஓட்டுநர் பள்ளியில், காட்டென்ஹாம் பிரபு, வேகமாக ஓட்டும் காவலர்களிடையே விபத்துகளைக் குறைக்க, ஒவ்வொரு திருப்பத்துக்கும் முன்னதாகக் கவனித்தல், சைகை, வேகம், கியர் என்னும் வரிசையை மாறாமல் பின்பற்றும் முறையை வகுத்தார். அம்முறையை விளக்கும் ‘ரோட்கிராஃப்ட்’ என்னும் கையேடு 1955இல் பொதுமக்களுக்கும் விற்பனைக்கு வந்தது. இன்று பிரித்தானியாவில் பழகுபவர் எவரும் மனப்பாடமாகச் சொல்லும் ‘கண்ணாடி, சைகை, செயல்’ என்ற ஒழுங்கு இச்சிந்தனை மரபைச் சேர்ந்தது.

இருபதாம் நூற்றாண்டில் தேர்வு இருமுறை நெடுங்காலம் நிறுத்தப்பட்டது. 1939 செப்டம்பர் 2ஆம் நாள் போரை முன்னிட்டு நிறுத்தப்பட்டு, 1946 நவம்பரில்தான் மீண்டும் தொடங்கியது. போர்க்காலத் தற்காலிக உரிமம் வைத்திருந்தோர் தேர்வின்றியே முழு உரிமம் பெற 1947இல் ஓராண்டுச் சலுகையும் அளிக்கப்பட்டது. சூயஸ் நெருக்கடியால் பெட்ரோல் பங்கீடு வந்தபோது, 1956 நவம்பர் முதல் 1957 ஏப்ரல் வரை தேர்வு மீண்டும் நின்றது. தேர்வு அலுவலர்கள் பங்கீட்டுப் பணிக்கு அனுப்பப்பட்டனர், பழகுபவர்கள் துணையின்றி ஓட்ட அனுமதிக்கப்பட்டனர்.

தேர்வு கட்டாயமான பின்னும் அதற்குப் பயிற்சி அளிப்பவருக்குத் தகுதி எதுவும் கேட்கப்படாதது நெடுநாள் குறையாக நீடித்தது. கட்டணம் வாங்கிக் கற்பிப்போருக்கான அங்கீகாரப் பதிவேடு 1964இல் விருப்ப அடிப்படையில் தொடங்கி, 1970இல் கட்டாயமாயிற்று. 1975இல் கை சைகை தேர்விலிருந்து நீங்கியது. மின்விளக்குச் சைகை எல்லாக் கார்களிலும் வந்துவிட்ட நிலையில், சாலையில் எவரும் செய்யாத ஒன்றைத் தேர்வுக்காக மட்டும் பயிலும் பொருந்தாமை அதனால் முடிவுற்றது.

அடுத்த பெருமாற்றம் 1996 சூலையில் வந்தது. செய்முறைத் தேர்வின் முடிவில் கேட்கப்பட்ட வாய்மொழிக் கேள்விகளுக்குப் பதிலாக, முன்னதாகவே தேற வேண்டிய தனிக் கோட்பாட்டுத் தேர்வு ஏற்பட்டது. அது கணினிக்கு மாறிய பின், கேள்விகளைக் காதொலியாகக் கேட்கும் வசதி தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் கிடைத்தது. இலங்கையிலிருந்து புலம்பெயர்ந்து லண்டனில் குடியேறிய தமிழர் பலருக்கு, அந்நாட்டின் சாலை விதிகளைத் தாய்மொழியில் கேட்டறியும் வாய்ப்பாக அது அமைந்தது. மோசடி, சாலைப் பாதுகாப்பு ஆகியவற்றைக் காரணம் காட்டி 2014 ஏப்ரலில் அவ்வசதி நீக்கப்பட்டு, ஆங்கிலமும் வெல்ஷ் மொழியும் மட்டுமே எஞ்சின. 2002 நவம்பரில் ‘ஆபத்தை உணரும் தேர்வு’ சேர்ந்தது: ஓடும் சாலைக்காட்சியைக் காணொளியாகக் காட்டி, நிறுத்தியிருக்கும் வண்டிக்குப் பின்னிருந்து ஒரு குழந்தை வெளிப்படுவது போன்ற ஆபத்து உருவாகத் தொடங்கும் நொடியிலேயே தேர்வர் பொத்தானை அழுத்துகிறாரா என்று பார்ப்பதே அதன் முறை. கைகால்களைச் சோதித்த தேர்வு, கண்ணையும் கணிப்பையும் சோதிக்கத் தொடங்கிய திருப்பம் அது.

செய்முறைத் தேர்வும் அதே திசையில் நகர்ந்தது. குறிப்பிட்ட தெருக்களில் திரும்பத் திரும்ப ஓட்டி, எந்த முனையில் எந்தப் பலகை இருக்கிறது என்று பழகுபவர்கள் மனப்பாடம் செய்துவந்ததால், 2010 அக்டோபரில் தேர்வுப் பாதைகளை வெளியிடுவது கைவிடப்பட்டது. அப்போதே, அலுவலரின் படிப்படியான கட்டளையின்றி வழிகாட்டிப் பலகைகளைப் பார்த்துத் தானே சுமார் பத்து நிமிடம் ஓட்டும் பகுதியும் சேர்க்கப்பட்டது. 4,300க்கும் மேற்பட்ட பழகுபவர்களைக் கொண்டு நடத்திய சோதனைக்குப் பின், 2017 டிசம்பர் 4 முதல் அப்பகுதி இருபது நிமிடமாக நீண்டு, பெரும்பாலான தேர்வுகளில் வழிகாட்டிக் கருவியைப் பின்பற்றுவதாக மாறியது. தலைமுறை தலைமுறையாகத் தேர்வர்களின் நெஞ்சைப் படபடக்கச் செய்த, மூலை திரும்பி ரிவர்ஸ் எடுக்கும் பகுதி விடைபெற்றது. அமைதியான பக்கத் தெருக்களில் அதற்காகச் செலவான நேரம், இளம் ஓட்டுநர்கள் மிகுதியாக உயிரிழக்கும் வேகச் சாலைகளில் பயில்வதற்கு உதவ வேண்டும் என்பதே மாற்றத்தின் நோக்கம். இன்று தேர்வில் வெல்வோர் சராசரியாக 45 மணி நேரம் பயிற்றுநரிடமும் 22 மணி நேரம் உற்றாருடனும் பழகுவதாக அந்நாட்டுத் தேர்வு முகமை கூறுகிறது. அவ்வளவு பழகியும் ஒவ்வொரு தேர்விலும் பாதிக்குச் சற்றுக் குறைவானோரே தேறுகின்றனர்.

பிரித்தானிய விதிகளின் சாயல் இந்தியச் சட்டத்திலும் பதிந்திருக்கிறது. 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் ஓட்டும் திறனுக்கான தேர்வைத் தன் அட்டவணையில் வகுத்தது. இன்று நடைமுறையிலுள்ள 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15ஆம் விதி, ஒடுங்கிய திறப்பொன்றினுள் ரிவர்ஸில் இடமாகவோ வலமாகவோ நுழைவதைப் பிரித்தானிய விதியின் சொல்லமைப்பை ஒட்டியே இன்றும் கேட்கிறது. ஏட்டிலுள்ள அவ்விதி, போக்குவரத்துக்கிடையே கவனத்துடன் முந்துதல், சந்திப்புகளில் நடந்துகொள்ளும் முறை, பாதசாரிக்கு வழிவிடுதல் என விரிந்திருந்தாலும், நடைமுறையில் மக்கள் மனத்தில் தேர்வு என்றால் நிலைத்திருப்பது தமிழ்நாட்டில் இருசக்கர வாகனத்துக்கு ‘எட்டு’ப் போடுவதும், கேரளத்தில் காருக்கு ‘எச்’ போடுவதுமே. பயிற்சிப் பள்ளிகளின் உழைப்பும் அவ்வடிவங்களையே சுற்றி வருவது இயல்பு. திடலில் கால் ஊன்றாமல் எட்டுப் போடத் தெரிந்தவர், பள்ளிக்கூட வாசலில் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பதை எங்கும் பயிலாமலே உரிமம் பெற்றுவிட முடியும்.

1934இல் 7,343ஆக இருந்த பிரித்தானியச் சாலைச் சாவுகள், வாகனங்கள் நான்கு கோடியைத் தாண்டிய இக்காலத்தில் ஆண்டுக்கு 1,600 அளவுக்குக் குறைந்திருப்பதற்குத் தேர்வு மட்டுமே காரணமன்று. இருக்கைப் பட்டை, சாலை அமைப்பு, காரின் கட்டுமானம், மருத்துவம், மதுவுக்கு எதிரான சட்டம் ஆகிய அனைத்துக்கும் அதில் பங்குண்டு. ஆயினும் ஓட்டுநர் ஒருவரின் வாழ்நாளில் அரசு அவர் அருகில் அமர்ந்து அவர் ஓட்டுவதைப் பார்ப்பது தேர்வு நடக்கும் சுமார் நாற்பது நிமிடம் மட்டுமே. அதில் கேட்கப்போவது இன்னது என்ற அறிவிப்பே, அதற்கு முந்தைய பல மாதப் பயிற்சியின் பாடத்திட்டமாகிறது. ஆகவே உரிமம் வழங்கும் முறையைச் சீர்திருத்த முனையும் எந்த அரசும், பயிற்சிப் பள்ளிகளைக் குறைகூறுவதற்கு முன், தன் தேர்வில் கேட்கப்படுபவற்றுக்கும் தன் சாலைகளில் மனிதர் இறக்கும் காரணங்களுக்கும் எவ்வளவு தொடர்பிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதே முதற்கடமை. அவ்விரண்டும் பொருந்தாத இடத்தில் தேர்வைத்தான் மாற்ற வேண்டும்.