வந்தது கருவி மட்டும்

திருவனந்தபுரத்தில் பழவங்காடிப் பிள்ளையாரைத் தாண்டிக் கோட்டைக்குள் நடந்தால் நவராத்திரி மண்டபம். ஒன்பது மாலைக்கும் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளின் ஒன்பது கிருதிகள். ராகமும் முன்பே முடிவானது. முதல் நாள் சங்கராபரணம், மறுநாள் கல்யாணி. ஆனால் பாடகருடன் வாசிப்பவருக்கு வாசிக்க வேண்டியது எழுதித் தரப்படுவதில்லை. சுரக்கூட்டைச் சுட்டும் கார்டு (chord) குறியீடுகளை மட்டும் பார்த்துப் பியானோக்காரர் உடன்வாசிப்பதற்கு நம்மிடையே நெருக்கமானது பக்கவாத்தியக் கலை. வயலினோடு அதுவும் ஐரோப்பாவிலிருந்து வந்தது என்பதை ஏற்க முடியவில்லை. தஞ்சை நால்வரில் இளையவரான வடிவேலு, முத்துசுவாமி தீட்சிதரின் மாணவர். அவருக்கு 1834இல் சுவாதித் திருநாள் தந்தத்தாலான வயலின் ஒன்றைப் பரிசளித்தார். கருவி வந்தது, வாசிக்கும் முறை இங்கே உருவானது. நம்மவர் தரையில் சம்மணமிட்டு, வயலினின் சுருள்முனையைக் கணுக்காலில் ஊன்றினர். தாங்கும் வேலையிலிருந்து விடுபட்ட இடக்கை கமகத்துக்காகத் தந்தியில் வழுக்கி ஓடியது.

பாடகரின் நிழலாகப் பின்தொடர்வதில் கற்பனை எங்கே என்று கேட்கலாம். கிருதிக்கு அந்தக் கேள்வி ஓரளவு பொருந்தும். பாடகர் அந்தக் கணத்தில் புனையும் கற்பனை ஸ்வரத்துக்குப் பொருந்தாது. கார்டு குறியீடு அடுத்த சுரக்கூட்டையாவது சொல்லும். இங்கே ராகமும் தாளமும் தெரியும், பாடகர் போகப்போகும் வழி தெரியாது. கேட்ட கணமே பதில் கட்டி, பாடல் அடி தொடங்கும் எடுப்புக்குப் பிசகாமல் வந்து சேர வேண்டும். அதை எந்த ஏட்டிலும் முன்கூட்டி எழுதிவைக்க இயலாது.