குருதியோடு குடிபெயரும் எலும்பு

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், நெய்யாற்றின்கரைக்குச் சற்று முன்னதாக இருக்கிறது பாலராமபுரம். கரையிட்ட மெல்லிய பருத்தித் துணிக்குப் பெயர்பெற்ற ஊர். 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராமவர்மா மகாராஜாவின் பெயரைத் தாங்கி நிற்பது. அரண்மனைக்கு வேண்டிய துணியை நெய்வதற்கென்று தமிழ் நிலத்துச் சாலியர் குடும்பங்களை அழைத்துவந்து இங்கே தெரு வகுத்துக் குடியமர்த்தினார்கள். தறிக்காரர் ஒருவரை மட்டும் பெயர்த்துக் கொணர்ந்திருந்தால் அத்தொழில் அவரோடு அற்றுப்போயிருக்கும். நூல் சுற்றுவோர், பாவு பிடிப்போர், கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் என்று குடும்பம் முழுவதும் வந்தமையால்தான் இரண்டு நூற்றாண்டு கடந்தும் அங்கே தறியோசை கேட்கிறது. வேற்று மாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு இதன் பொருளை நான் விளக்க வேண்டுவதில்லை.

மனித உடம்புக்குள்ளும் இத்தகைய குடியேற்றம் ஒன்று நிகழ்கிறது. ஓரிடத்து எலும்பை எடுத்து மற்றோரிடத்தில் பதிக்கும் ரணசிகிச்சையைச் சொல்கிறேன்.

எலும்பு என்றதும் நாம் உயிரற்ற கட்டையாகவே எண்ணிவிடுகிறோம். அது தவறு. எலும்புக்குள் குருதி ஓடுகிறது, உயிரணுக்கள் வாழ்கின்றன. இடுப்பிலிருந்து ஒரு துண்டை வெட்டி உடைந்த இடத்தில் வைத்தால், அதன் அணுக்களில் பெரும்பாலானவை மடிந்துபோகும். எஞ்சுவது சாரம் மட்டுமே. அதன்மீது அக்கம்பக்கத்துக் குருதிக்குழாய்கள் மெல்ல ஊர்ந்து ஏறிப் புதிய எலும்பைக் கட்டவேண்டும். இடைவெளி சிறிதாகவும் சுற்றுப்புறம் செழிப்பாகவும் இருந்தால் இம்முறை நன்றாகவே பலிக்கும். இடைவெளி ஆறு சென்டிமீட்டருக்கு மேற்பட்டாலோ, அவ்விடம் சீழ் கண்டோ கதிர்வீச்சினால் கருகியோ இருந்தாலோ, வைத்த துண்டு கரைந்துபோகும், அல்லது முறிந்துவிடும்.

குருதியோட்டத்தோடு மாற்றினால்தான் பிழைக்கும் என்னும் உண்மையைத் தோலைப் பொறுத்தவரை நம் நாட்டு வைத்தியர்கள் நெடுங்காலத்துக்கு முன்பே அறிந்திருந்தார்கள். ஆங்கிலப் படையில் மாட்டுவண்டி ஓட்டிய காவஸ்ஜி என்பவர் 1792-ஆம் ஆண்டுப் போரில் திப்பு சுல்தானின் வீரர்களிடம் சிறைப்பட்டு மூக்கை இழந்தார். பூனாவில் ஒருவர் அவருடைய நெற்றித் தோலைத் திருப்பி மூக்கு அமைத்தார். புருவங்களுக்கு நடுவே ஒரு பாலம்போலத் தோலை அறுக்காமல் விட்டு, புதிய இடத்தில் ஒட்டிய பின்னரே அதைத் துண்டித்தார். 1794-இல் லண்டன் பத்திரிகையான ‘ஜென்டில்மன்ஸ் மாகசீன்’ இச்செய்தியைப் படத்தோடு வெளியிட்டது. ஐரோப்பிய வைத்தியர்கள் அதைப் படித்தே இம்முறையைக் கையாளத் தொடங்கினர்.

எலும்பிலும் இதே வழியை அமெரிக்காவில் ஹண்டிங்டன் கையாண்டார். சீழ்நோயால் முன்காலெலும்பை இழந்த ஒரு சிறுவனுக்கு, பக்கத்திலிருந்த மெல்லிய எலும்பைத் தசையோடும் குருதியோடும் நகர்த்தி வைத்ததை அவர் 1905-இல் வெளியிட்டார். ஆனால், பக்கத்து வீட்டுக்குத்தானே இப்படிக் குடிபோகலாம்? காலெலும்பைத் தாடைக்குக் கொண்டுசெல்ல வேண்டுமானால் குழாய்களை அறுத்தாக வேண்டும். அறுத்ததை மீண்டும் இணைத்தாக வேண்டும்.

அந்த இணைப்புக் கலை பிறந்த கதை சுவையானது. 1894-இல் பிரான்ஸின் ஜனாதிபதி கார்னோ லியோன் நகரில் குத்துண்டு மாண்டார். அவருடைய வயிற்றில் அறுந்த பெருநாளத்தைத் தைக்க அன்று எவருக்கும் வழி தெரியவில்லை. அந்நகரில் மருத்துவம் பயின்றுகொண்டிருந்த அலெக்சிஸ் காரெல் இதை எண்ணி எண்ணி வருந்தினார். லியோன் பட்டுக்குப் பேர்போன ஊர். அங்கே பூவேலை செய்யும் ஒரு பெண்மணியிடம் சென்று, மிக நுண்ணிய ஊசியையும் பட்டிழையையும் கையாளும் முறையைக் காரெல் கற்றுக்கொண்டார். வட்டமான குழாயின் வாயை மூன்று தையல்களால் இழுத்து முக்கோணமாக்கி, ஒவ்வொரு பக்கத்தையும் நேர்கோட்டில் தைக்கும் உபாயத்தை 1902-இல் வெளியிட்டார். 1912-இல் நோபல் பரிசு கிடைத்தது. பாலராமபுரத்துத் தறிக்காரர் இதைக் கேட்டால் வியப்படைய மாட்டார் என்றே நினைக்கிறேன். இழையின் மென்மை அறிந்த கைக்குத்தானே இழையை இணைக்கத் தெரியும்!

காரெல் தைத்தவை பெரிய குழாய்கள். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலமுள்ளவற்றை வெறுங்கண்ணால் தைப்பது அரிது. 1960-இல் அமெரிக்காவின் வெர்மாண்டில் ஜேக்கப்சன், சுவாரெஸ் இருவரும் மைக்ராஸ்கோப்பின் கீழ் அதைச் செய்துகாட்டினர். பிறகு, 1975-இல், மெல்பர்னைச் சேர்ந்த இயன் டெய்லரும் அவருடைய தோழர்களும் ஒரு காலின் எலும்பை நாளங்களோடு அறுத்தெடுத்து மற்றொரு காலில் பதித்துக் குழாய்களை இணைத்த செய்தியை வெளியிட்டனர்.

அவர்கள் எடுத்தது பிபுலா என்னும் எலும்பு. முழங்காலுக்குக் கீழே வெளிப்புறமாக ஓடுவது. உடலின் பாரத்தில் சிறு பங்கையே சுமப்பது. முழங்காலையும் கணுக்காலையும் காக்க இரு முனைகளிலும் சிறிது விட்டு, நடுப்பகுதியை எடுத்துவிட்டாலும் மனிதன் நடக்கலாம். 1989-இல் நியூயார்க்கில் ஹிடால்கோ இதைக் கீழ்த்தாடைக்குப் பயன்படுத்தினார். நேரான எலும்பு தாடைபோல் வளைவது எங்ஙனம்? ஆங்காங்கே ஆப்புவடிவில் வெட்டி மடிப்பார்கள். மேலுறையின் வழியாகக் குருதி ஓடிக்கொண்டிருப்பதால் துண்டுகள் பிழைத்திருக்கும். பின்னர்க் கழுத்திலுள்ள நாளங்களோடு, தலைமயிரினும் மெல்லிய நைலான் இழையால் தைப்பார்கள். வேலை பல மணி நேரம் நீளும். முதற்சில நாட்கள் இரவும் பகலும் கண்காணிக்க வேண்டும். குழாயில் குருதி உறைந்தால் நோயாளியை உடனே மறுபடியும் மேசையில் கிடத்தவேண்டியதுதான். நிலைத்துவிட்டால், அந்தக் காலெலும்பில் பற்களையும் ஊன்றலாம்.

நம்மவருக்கு இது தூரத்துச் செய்தியன்று. வெற்றிலையோடு புகையிலையை அடக்கிக்கொள்ளும் வழக்கம் தமிழரிடத்தும் மலையாளிகளிடத்தும் பரவியிருக்கிறது. வாய்ப்புற்று தாடையெலும்பைப் பற்றிவிட்டால் எலும்பையே அகற்ற நேரிடுகிறது. தாடை போனவருக்கு முகம் மட்டுமா போகிறது? மெல்லுதல், விழுங்குதல், பேசுதல், நாலுபேர் நடுவே உட்கார்ந்து உண்ணுதல் ஆகிய அனைத்தும் போகின்றன.

பாலராமபுரம் அடங்கிய திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1981-இல் மண்டலப் புற்றுநோய் மையம் நிறுவப்பட்டது. அம்மையத்தார் 1996-இல் அம்மாவட்டத்தின் 13 பஞ்சாயத்துகளில் ஒரு பெரும் ஆய்வைத் தொடங்கினார்கள். அவற்றுள் ஏழு பஞ்சாயத்துகளில், பயிற்சி பெற்ற பட்டதாரிகள் வீடு வீடாகச் சென்று, 35 வயது கடந்தவர்களின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். வெள்ளைப் படலமோ ஆறாத புண்ணோ கண்டால் மருத்துவரிடம் அனுப்பினார்கள். புகையிலையோ மதுவோ பழகியவரிடையே வாய்ப்புற்றால் நேர்ந்த மரணம், சோதனை நடவாத பஞ்சாயத்துகளைவிட 34 சதவிகிதம் குறைந்திருந்ததாக 2005-இல் ‘லான்செட்’ இதழ் வெளியிட்டது. மைக்ராஸ்கோப்போ நைலான் இழையோ அங்கே வேண்டியிருக்கவில்லை. புண் சிறிதாயிருக்கும்போதே கண்டுகொண்டால், பெரும்பாலும் எலும்பைத் தொடாமல் அதை மட்டும் அகற்றிவிடலாம். காலெலும்பு காலிலேயே இருக்கும்.