சட்டம் படிக்க இன்னும் ஓராண்டு: தீவகப் பிள்ளைகள் போட வேண்டிய கணக்கு

உயர்தரப் பெறுபேறு வந்த மறுநாள் நெடுந்தீவிலிருந்து அக்காவின் மகள் தொலைபேசி எடுத்தாள். "மாமா, கலைப்பீடம் கிடைக்கும் போல கிடக்கு. சட்டத்துக்குக் காணாது. கிடைக்கிறதுக்குப் போகவோ, இன்னொருக்கா எடுக்கவோ?"

உடனே பதில் சொல்ல முடியவில்லை. நானும் சட்டத்துக்காக இரண்டாம் முறை பரீட்சை எழுதியவன். அந்த ஆண்டு நான் யாழ்ப்பாணத்தில் தங்கிப் படித்த செலவைச் சமாளிக்க அக்கா தன் படிப்பை விட்டுத் தையலுக்குப் போனா. அப்படியிருந்தும் பல்கலைக்கழகத்தில் சட்டம் கிடைக்கவில்லை. சட்டக் கல்லூரி வழியாகத்தான் சட்டத்தரணியானேன். மருமகளுக்குச் சொன்னதை, இதே கேள்வியோடு இருக்கும் மற்றப் பிள்ளைகளுக்காகவும் எழுதுகிறேன்.

வழி ஒன்றல்ல

கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகங்களில் சட்டமாணிப் படிப்பு உண்டு. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு இசற் புள்ளியை வைத்து அனுமதி வழங்குகிறது. கல்விக் கட்டணம் இல்லை. மகாபொல போன்ற உதவித்தொகைகளும் உண்டு.

இரண்டாவது வழி, 1874 இல் தொடங்கிய இலங்கை சட்டக் கல்லூரி. கொழும்பு புதுக்கடையில் இருக்கிறது. இதற்கு இசற் புள்ளி வேண்டியதில்லை. உயர்தரச் சித்தியோடு, பொது அறிவையும் மொழியறிவையும் சோதிக்கும் தனி நுழைவுப் பரீட்சை எழுத வேண்டும். படிப்பு மூன்றாண்டு. கட்டணமும் கொழும்பில் தங்கும் செலவும் நம்முடையவை. பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்துவதற்கான ஒழுங்குவிதி 2023 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் தோற்கடிக்கப்பட்டது. தமிழில் படித்த பிள்ளைகளுக்கு அது பெரிய ஆறுதல்.

மூன்றாவது, திறந்த பல்கலைக்கழகத்தின் சட்டமாணி. கட்டணம் உண்டு. வேலை செய்துகொண்டே படிக்கலாம்.

எந்த வழியால் போனாலும் சட்டத்தரணியாக வேண்டுமென்றால் சட்டக் கல்லூரியின் இறுதிப் பரீட்சையும், மூத்த சட்டத்தரணி ஒருவரிடம் ஆறு மாதப் பயிற்சியும், உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணமும் இருக்கின்றன. சட்டமாணிப் பட்டதாரிகளுக்கு நுழைவுப் பரீட்சை இல்லை.

புள்ளி எங்கே விழுந்தது?

இசற் புள்ளி மூன்று பாடங்களின் சராசரி. ஒரு பாடத்தில் 0.6 கூடினால் சராசரியில் 0.2 தான் கூடும். அதோடு, அது அந்த ஆண்டு அந்தப் பாடத்தை எழுதியவர்களோடு ஒப்பிட்டுக் கணிக்கப்படுவது. நாம் கூடப் படித்தோம் என்பதற்காகத் தானாகக் கூடாது.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது, புள்ளி ஏன் குறைந்தது என்பதை. மருமகளுக்கு இரண்டு பாடம் நல்லாய் வந்தது. புவியியல்தான் காலை வாரியது. அதற்கான ரியூசன் யாழ்ப்பாண நகரில், பின்னேரத்தில். வகுப்பு முடிந்தால் திரும்பிப் போகப் படகில்லை. இது திருத்தக்கூடிய காரணம். மூன்று பாடமும் சமமாகக் குறைந்திருந்தால், "இன்னும் ஓராண்டு" என்பதற்கு முன் இரண்டு தரம் யோசிக்கச் சொல்லியிருப்பேன்.

ஓராண்டு எத்தனை மாதம்?

2024 ஆம் ஆண்டுப் பரீட்சையின் பெறுபேறு 2025 ஏப்ரலில் வந்தது. அடுத்த பரீட்சை நவம்பரில் தொடங்கிவிட்டது. இடையில் கிடைத்தது ஏறக்குறைய ஆறரை மாதம். வெட்டுப்புள்ளி வருவதற்கு முன்பே அடுத்த பரீட்சைக்கான விண்ணப்பக் காலம் முடிந்துவிடும்.

அதனால் இரண்டையும் செய்யுங்கள். இருக்கும் பெறுபேற்றோடு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பியுங்கள். பரீட்சைக்கும் விண்ணப்பியுங்கள். பதிவுக் கடிதம் வரும்வரை இரண்டும் கையில் இருக்கும். உண்மையான முடிவு அந்தக் கடிதம் வரும் நாளில்தான். பதிந்த பிறகு வேறு கற்கைநெறிக்குப் புதிதாக விண்ணப்பிப்பதற்குக் கடும் கட்டுப்பாடுகள் உள்ளன. பதியாமல் விட்டால் இந்த ஆண்டுப் புள்ளியை அடுத்த ஆண்டு அனுமதிக்குப் பயன்படுத்த முடியாது. பல்கலைக்கழக அனுமதிக்காக உயர்தரம் எழுத மூன்று வாய்ப்புகள்தான் என்பதையும் மறக்க வேண்டாம்.

கடலுக்குப் புள்ளி இல்லை

பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகிறது. நெடுந்தீவுப் பிள்ளையும் யாழ் நகரப் பிள்ளையும் ஒரே மாவட்டம், ஒரே வெட்டுப்புள்ளி.

ஊர்காவற்றுறை, வேலணைப் பிள்ளைகள் பண்ணைப் பாலத்தால் பஸ்ஸில் போய்வரலாம். நயினாதீவுப் பிள்ளைக்குக் குறிகட்டுவான் வரை குறுகிய படகுப் பயணம். நெடுந்தீவென்றால் ஏறக்குறைய ஒரு மணி நேரக் கடல், அதற்குப் பிறகு பஸ். சோளகம் எழும்பினால் அதுவும் நிச்சயமில்லை. நவம்பரில் பரீட்சை நடந்தால் அதுவும் மாரியும் ஒன்றாய் வரும். எனவே நெடுந்தீவுப் பிள்ளைக்கு இன்னும் ஓராண்டு என்பது தங்குமிடம், சாப்பாடு, ரியூசன் என்ற மூன்று செலவு. அதை யார் தருவது, அதற்காக வீட்டில் யாருடைய என்ன நிற்கும் என்பதை விண்ணப்பத்துக்கு முன் வெளிப்படையாகப் பேசுங்கள். எங்கள் வீட்டில் அன்று அதை யாரும் பேசவில்லை.

நான் சொன்ன பதில்

"எடு பிள்ளை. ஆனால் சட்டத்துக்கு ஒரே வாசல்தான் எண்டு நினைச்சு எடுக்காதை" என்றேன். புவியியலுக்கு முழு மூச்சு. கிழமையில் இரண்டு நாள் சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சைக்குப் பொது அறிவும் மொழியும். நாளுக்கு ஒரு மணி நேரம் ஆங்கிலம், ஏனென்றால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சட்டம் ஆங்கிலத்தில்தான். இரண்டாம் முறையும் வெட்டுப்புள்ளி எட்டாவிட்டால் மூன்றாம் முறைக்குப் போவதில்லை, மற்ற வழிகளால் போவது என்று இருவரும் பேசி முடித்தோம். எனக்கு அன்று அப்படி ஒரு எல்லை இருக்கவில்லை. சட்டக் கல்லூரி என்று ஒன்று இருப்பதையே இரண்டாம் பெறுபேறு வந்த பிறகுதான் யாரோ சொல்லித் தெரிந்துகொண்டேன்.

பிறகு அக்காவோடு பேசினேன். மகனின் படிப்புக் காசில் கை வைக்க வேண்டாம், தங்குமிடச் செலவு என்னுடையது என்றேன். "உனக்கேன் தம்பி கரைச்சல்" என்றா. எனக்கு அது பழைய கடன்.