மூக்கிலே மிளகு!

எகிப்தை ஆண்ட இரண்டாம் ராம்சேஸ் கி.மு. 1213-ல் இறந்தபோது, உடலைப் பதப்படுத்தியவர்கள் அவருடைய மூக்குத் துவாரத்தில் எதை வைத்தார்கள் தெரியுமோ? மிளகு! மூவாயிரம் வருஷங்கள் கழித்து, அந்த மம்மியை ஆராய்ந்த நிபுணர்கள் மிளகு மணிகளைப் பார்த்து அசந்துபோனார்கள்.

இன்னொரு ஆச்சரியம். செங்கடல் ஓரத்துப் பழைய துறைமுகமான பெரெனிகேயில், கோயில் ஒன்றின் தரைக்கடியில் புதைந்திருந்த இந்திய ஜாடியில் ஏழரைக் கிலோ மிளகு கிடைத்தது. வயசு? சுமார் 2,000!

கி.பி. 408-ல் ரோமாபுரியை முற்றுகையிட்டான் அலாரிக். விலகிப்போக அவன் கேட்ட விலை: 5,000 பவுண்டு தங்கம், 30,000 பவுண்டு வெள்ளி, கூடவே 3,000 பவுண்டு மிளகு! சீக்கிரம் கெட்டுப்போகிற சரக்கை யாராவது தங்கத்துக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்பார்களா? மலபாரிலிருந்து கடலிலும் பாலைவனத்திலும் மாதக்கணக்கில் பயணம் செய்தும் தாக்குப்பிடித்ததால்தான் மிளகுக்கு அத்தனை மவுசு.

ரகசியம் ரொம்ப எளிமை. வெயிலில் காய்ந்த முழு மிளகு, வாசனைத் தைலத்தை உள்ளேயே பூட்டி வைத்திருக்கும். அரைத்தால் பூட்டு உடைந்துவிடும்! காரம் தருகிற பைபரின் அவ்வளவு சீக்கிரம் போகாது. வாசனைதான் காற்றோடு பறந்துவிடும்.

அதற்காக பெரெனிகே மிளகில் ரசம் வைக்க முடியாது! நம் வீட்டு முழு மிளகு, ஈரம் படாத மூடிய டப்பாவில், அடுப்பைவிட்டுத் தள்ளி இருந்தால் மூன்று நான்கு வருஷம் தாங்கும். பொடியோ சில மாதங்களிலேயே மணம் இழக்க ஆரம்பிக்கும். ஆகவே, மணியாக வாங்குங்கள். தேவைப்படும்போது தட்டிக்கொள்ளுங்கள். பூஞ்சை பிடித்தால் மட்டும் தயங்காமல் குப்பைக்கு!