இடம்பெயர்ந்த மாதா

மடு மாதாவின் சொரூபம் பெரியதல்ல. ஒருவர் கையிலேயே தூக்கிக்கொண்டு போய்விடலாம். கல்லில் செதுக்கிச் சுவரோடு பதித்திருந்தால் அது மாந்தையிலேயே மண்ணாகியிருக்கும்.

மாந்தை இலங்கையின் மன்னார்ப் பக்கத்துப் பழைய மாதோட்டத் துறை. திருக்கேதீச்சரம் இருக்கும் அதே கரை. அங்கிருந்த கத்தோலிக்கக் கோவிலில்தான் முதலில் இந்தச் சொரூபம் இருந்தது. 1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கைக்குப் போனது. குருமார் விரட்டப்பட்டார்கள், பூசை தடைப்பட்டது, கோவில்கள் புரட்டஸ்தாந்துச் சபையின் வசமாயின. 1670 அளவில் மாந்தையின் இருபது குடும்பங்கள் சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் புகுந்து, இன்று மடு எனப்படும் மருதமடுவில் தங்கின என்பது வழிவழிச் செய்தி. யானையும் காய்ச்சலும் உள்ள காடு. துரத்துகிறவன் அவ்வளவு எளிதில் வரமாட்டான். யாழ்ப்பாணப் பக்கமிருந்து தப்பிய வேறு சிலரும் வந்து சேர, போர்த்துக்கேயத் தளபதி ஒருவரின் மகள் எலேனா முதற்கோவிலைக் கட்டுவித்தாள் என்பார்கள்.

1687இல் யோசே வாஸ் அடிகள் மாறுவேடத்தில் இலங்கைக்கு வந்தார். குருக்களே இல்லாமல் செபமாலையை மட்டும் பிடித்துக்கொண்டு கிடந்த சபைகளுக்கு அவரும் அவருக்குப் பின் வந்த கோவாக் குருமாரும் உயிர் கொடுத்தார்கள்.

ஆங்கிலேயர் காலத்தில் ஒளிய வேண்டிய தேவை இல்லை. 1872இல் ஆயர் பொஞ்சீன் இன்றைய கோவிலுக்கு அடிக்கல் நாட்டினார். 1924 யூலை 2ஆம் திகதி பாப்பரசரின் பெயரால் மாதாவுக்கு முடி சூட்டப்பட்டது. திருத்தல வரலாறுகள் இந்த முடிசூட்டைத்தான் விரித்து விரித்து எழுதுகின்றன. எனக்கென்னவோ, முடியில்லாமல் காட்டில் கழித்த இரண்டரை நூற்றாண்டுகளே இந்தச் சொரூபத்தின் பெரிய காலம் என்று படுகிறது.

பிறகு எங்கள் உள்நாட்டு யுத்தம். மாதா முன்பு ஓடிவந்த அதே காட்டுக்கு இப்போது ஆயிரக்கணக்கான சனம் ஓடிவந்து, கோவில் வளவில் கொட்டில் போட்டுக் குடியிருந்தது. 1999 நவம்பர் 20 இரவு அங்கேயும் எறிகணை விழுந்தது. நாற்பது பேரளவில் செத்தார்கள். அதில் பிள்ளைகளும் உண்டு. சண்டையிட்ட இரு தரப்பும் மற்றவரைக் கைகாட்டின.

2008 ஏப்ரல் தொடக்கத்தில் போர்முனை வாசலுக்கே வந்தபோது, குருமார் சொரூபத்தைப் பீடத்திலிருந்து இறக்கி வடக்கே தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள். அது ஒரு கடற்கரைக் கிராமம். அங்கே சவேரியார் கோவில். 1544இல் மன்னார்க் கடற்கரை மக்களுக்குத் திருமுழுக்குக் கொடுக்க ஒரு குருவை அனுப்பியவரும் அதே சவேரியார்தான். அவருடைய கூரையின் கீழ் சில மாதம் ஒதுங்கியிருந்த மாதா அந்த ஆண்டு ஓகஸ்டில் மடுவுக்குத் திரும்பினார். தேவன்பிட்டிச் சனத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. போர்முனை அவர்களையும் கிழக்கே தள்ளிக்கொண்டு போனது.

2015 ஜனவரி 14ஆம் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் மடுவுக்கு வந்தார். சொரூபத்தைக் கையில் எடுத்துக் கூட்டத்தை ஆசீர்வதித்தார். கூட்டத்தில் தமிழரும் இருந்தார்கள், சிங்களவரும் இருந்தார்கள்.

ஆவணித் திருவிழாவுக்கு நீர்கொழும்பு, சிலாபம் பக்கமிருந்து பேருந்துகள் நிறைய வருகின்றன. கூடாரம் அடித்து, அங்கேயே சமைத்து, நாட்கணக்கில் தங்கும் சனம். சைவக்காரரும் நேர்த்திக்கடனோடு வருவார்கள். போகும்போது எல்லோரும் மடு மண்ணில் ஒரு பிடி முடிந்துகொள்கிறார்கள். பாம்புக்கடிக்கு நல்லதாம். கடித்தால் மண்ணோடு நிற்காமல் ஆசுபத்திரிக்கும் ஓட வேண்டும் என்பது அவர்களுக்கும் தெரியும்.