தாதியர் கல்வியும் கற்பித்தற் கருவிகளும்: ஒரு வரலாற்று நோக்கு

தாதியர் கல்வியிற் கைத்தொலைபேசியின் பயன்பாடு பெரும்பாலும் தொழினுட்ப வளர்ச்சியின் பேறாகவே நோக்கப்படுகின்றது. கருவியின் வரலாற்றை உழைப்பின் வரலாற்றினின்றும் பிரித்தல் பொருந்துமா என்பதே நாம் எழுப்பும் வினாவாகும்.

1860இல் இலண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் நைற்றிங்கேல் பயிற்சிப் பாடசாலை தொடங்கியபோது நோயாளர் விடுதியே வகுப்பறையாயிற்று. பயிலுநர் அங்கு கற்றனர், உழைக்கவுஞ் செய்தனர். உணவும் உறையுளும் சிறு ஊதியமும் பெற்ற அவர்தம் உழைப்பு வைத்தியசாலைக்குப் பயன்பட்டது.

1911இல் அமெரிக்காவின் ஹாட்போட் வைத்தியசாலைப் பயிற்சிப் பாடசாலைக்கென, பொம்மை செய்வதில் வல்லவரான மார்த்தா சேஸ் ஆளுயரப் பாவையொன்றை ஆக்கினார். நோயாளரைத் தூக்குதல், திருப்புதல், உடைமாற்றல் ஆகியன அதன்மீது பயிலப்பட்டன. நோயாளர் துன்புறாமலே பிழைவிடும் வாய்ப்புப் பயிலுநருக்குக் கிட்டியது. அப்பாவை நிறுவனத்தின் உடைமையாக இருந்தது.

கைத்தொலைபேசியோ பெரும்பாலும் பயிலுநரின் சொந்த உடைமை. 2020இல் கொவிட் பெருந்தொற்றினாற் பல நாடுகளில் விடுதிப் பயிற்சி தடைப்பட, செய்முறை விளக்கங்கள் காணொளிகளாக அவர்தம் கைக்கு வந்தன. ஒரு செய்முறையைப் பன்முறை நிறுத்திப் பார்க்கலாம் என்பது பெரும் பயனே. எனினும், விரல்நுனியில் நாளம் புலப்படும் உணர்வை அது தராது. அதனினும் முக்கியமானது, கருவியின் விலையும் இணையக் கட்டணமும் இரவுக்கடமைக்குப் பிந்திய ஓய்வுநேரமும் பயிலுநரிடமிருந்தே பெறப்படுகின்றமையாகும். கல்விச் செலவு நிறுவனத்தினின்று தனிமனிதர்மீது சுமத்தப்படுகின்றது.

நாம் கருவியை மறுக்கவில்லை. அதனை நிறுவனமே வழங்கவேண்டும். அதன்வழிக் கற்கும் நேரம் கடமைநேரமாகக் கணிக்கப்படவேண்டும். அன்றேல், பயிலுநரின் மலிவான உழைப்பிற் கல்வியை நடத்தும் பழைய முறை புதிய வடிவில் தொடரும்.