துறைமுகம் எழுந்தது, கரை போனது

காலடிப்பேட்டை மெட்ரோ நிலையத்தில் இறங்கிக் கிழக்கே கொஞ்ச தூரம் நடந்தால் கடல் வந்துவிடும். மணல்தான் இல்லை. கருங்கல் குவியலில் அலை மோதுகிறது.

ஊர் பழசு. 1717 முதல் 1720 வரை சென்னை கவர்னராக இருந்த ஜோசப் காலெட், கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் துணி நெய்ய நெசவாளர்களைக் குடியமர்த்திய பேட்டை இது. கல்யாண வரதராஜப் பெருமாள் கோயிலையும் அவர் பெயரோடு சேர்த்தே சொல்வார்கள்.

துணி கப்பலேறிய சென்னையோ 1746-ல் பிரெஞ்சுக்காரர் கையில் விழுந்தது. அடுத்த மாதமே வீசிய புயல் அவர்களுடைய கப்பல்களைச் சிதைத்தது. 1749-ல் நகரம் திரும்பக் கிடைத்தபோது, கோட்டையை ஒட்டியிருந்த பழைய கறுப்பர் நகரத்தில் பெரும்பகுதி இடிந்து கிடந்தது. பீரங்கிக்கு மறைப்பு கூடாது என்று மிச்சத்தை ஆங்கிலேயரே தரைமட்டமாக்கினார்கள். இன்று அங்கே உயர் நீதிமன்றம் நிற்கிறது. குடிகள் வடக்கே முத்தியால்பேட்டை, பெத்தநாயக்கன்பேட்டைப் பக்கம் நகர்ந்தார்கள். ஹைதர் அலி படையெடுத்த பிறகு அந்தப் புது நகருக்கு மதில் எழுப்பினார்கள்; அதன் ஒரு துண்டை மாடிப் பூங்காவில் இப்போதும் பார்க்கலாம். காலடிப்பேட்டை மதிலுக்கு வெளியே நின்றது.

அடுத்த அடி கடலிலிருந்து வந்தது. 1876-ல் தொடங்கிய துறைமுக வேலையை 1881 நவம்பர் புயல் உடைத்துப் போட்டது. மறுபடி கட்டினார்கள். கிழக்கு வாயிலில் மணல் சேர்ந்து தொல்லை கொடுக்க, துறைமுகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில் வாயிலையே வடகிழக்குக்கு மாற்றினார்கள். 1914-ல் ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சுட்ட குண்டும் 1943-ல் ஜப்பானிய விமானம் போட்ட குண்டும் அந்தத் துறைமுகத்தை நிறுத்திவிடவில்லை.

வடசென்னைதான் அதற்கு விலை கொடுத்தது. இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். துறைமுகச் சுவர் அதை மறித்தது. தெற்கே மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை கரை அரித்துக்கொண்டே போனது. மீண்டெழுந்த சென்னையைக் கொண்டாடுபவர்கள் இந்தக் கணக்கைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

2004 சுனாமியில் வீடிழந்த வடசென்னை மீனவக் குடும்பங்கள் பலவற்றைத் திருவொற்றியூர் கார்கில் நகரில் தற்காலிகக் குடியிருப்புகளில் தங்கவைத்தார்கள். தாழ்வான நிலம் அது. 2005 மழையில் அங்கும் தண்ணீர் புகுந்தது. அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டினார்கள், தூண்டில் வளைவுகள் போட்டார்கள். வலை உலர்த்தவும் படகு ஏற்றவும் மணல் வேண்டும் என்று குப்பத்துக்காரர்கள் இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.